நான்கடி உயரத்தில் ஓர் ஓட்டை

என் அக்கா மகள் முதன்முதலில் பேசிய வார்த்தை அம்மா இல்லை, அப்பாவும் இல்லை. 'கூ'. பதினான்காம் மாதத்தில், சமையலறைத் தரையில் உட்கார்ந்து, பின்கதவை நோக்கிக் கையை நீட்டித் தெளிவாகச் சொன்னாள்.

"பத்து மாசம் சுமந்தது நான். முதல் பேரு சரக்கு ரயிலுக்கா?" என்றாள் அக்கா.

"நானும்தான் தினமும் டைமுக்கு வீட்டுக்கு வர்றேன். எனக்கு யாரு கூ போட்டா?" என்றார் அத்தான்.

அவர் லிஃப்ட் மெக்கானிக். ஒருநாளும் டைமுக்கு வந்ததில்லை.

நான்கு தளம், எட்டு வீடுகள் கொண்ட கட்டடத்தில் தரைத்தளத்து வீட்டில் வாடகைக்கு இருந்தோம். சமையலறைப் பின்கதவைத் திறந்தால் துணி காயப்போடும் ஒடுக்கமான இடம். அதைத் தாண்டித் துருப்பிடித்த கம்பி வேலி. வேலிக்கு அந்தப் பக்கம் இருபதடியில் தண்டவாளம். வீடு பார்க்க வந்தபோது தரகர் பின்கதவைத் திறக்கவே இல்லை. குடிவந்த அன்று மாலைதான் அத்தான் திறந்தார். அந்த நேரம் பார்த்து ஒரு ரயில் போனது. மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அக்காவுக்கு அப்போது ஏழாம் மாதம்.

பிறந்தபோது குழந்தை அவ்வளவு சின்னதாக இருந்ததால் அத்தான் அவளுக்குப் பட்டாணி என்று பேர் வைத்தார். முறையான பேர் ஒன்று உண்டு. அது தடுப்பூசி அட்டையில் இருக்கிறது.

ஆரம்பத்தில் பட்டாணிக்கு ரயில் என்றால் பயம். சத்தம் கேட்டால் என் காதைப் பிடித்துக்கொள்வாள். தன் காதை அல்ல, என் காதை. பிறகு அழாமல் கேட்டாள். பிறகு சத்தம் வருமுன்பே திரும்பினாள். தரை லேசாக அதிர்வதை அவள் உள்ளங்கால் எங்களுக்கு முன்னால் கண்டுபிடித்துவிடும். ஒன்றரை வயதில் பயணிகள் வண்டி வேறு, சரக்கு வண்டி வேறு என்று பிரித்தாள். பயணிகள் வண்டிக்கு ஒரு கூ. சரக்கு வண்டிக்குக் கடைசிப் பெட்டி போகும்வரை நிறுத்தாத கூ.

இரண்டு வயதில் வீடே ரயில் நிலையமாகிவிட்டது. வாழைப்பழத்தை வில்லைகளாக நறுக்கித் தட்டில் வரிசையாக வைக்க வேண்டும். கடைசிப் பெட்டியிலிருந்து ஒவ்வொன்றாகச் சாப்பிட்டுக்கொண்டு வருவாள். எஞ்சினை மட்டும் தொட மாட்டாள். அக்காதான் தினமும் எஞ்சினைச் சாப்பிட்டாள்.

"என் ஆயுசுல இத்தனை எஞ்சின் முழுங்கியிருக்கேன், இன்னும் எடை குறையல" என்பாள்.

குளிக்க வைக்க வேண்டுமென்றால் அத்தான் முன்னால் போக வேண்டும். அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டு பட்டாணி, அவள் சட்டையைப் பிடித்துக்கொண்டு நான். கூடத்திலிருந்து குளியலறைவரை பன்னிரண்டு எட்டு. வழியில் சமையலறை ஒரு நிறுத்தம். அங்கே அக்கா ஏற வேண்டும். அடுப்பில் எது கொதித்தாலும் ஏற வேண்டும்.

நான் தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறேன். காலை ஆறிலிருந்து ஒன்றுவரை. பாட்டில்களோடு பேச வேண்டியதில்லை என்பதால் அந்த வேலை எனக்குப் பிடிக்கும். இரண்டு மணிக்குப் பட்டாணியைக் காப்பகத்திலிருந்து அழைத்து வருவேன். மருந்துக்கடை வேலை முடிந்து அக்கா நாலு மணிக்கு வருவாள். நாலு பத்துக்குச் சரக்கு வண்டி.

அந்த வண்டியின் கடைசிப் பெட்டியில் கார்டு நிற்பார். கையில் பச்சைக் கொடி. ஒருநாள் பட்டாணி அடுப்படியிலிருந்த பச்சைத் துணியை எடுத்து வந்து வேலிக்கு மேல் ஆட்டினாள். பத்து நாள் அவர் கவனிக்கவில்லை. பதினோராம் நாள் தன் கொடியை ஒருமுறை உயர்த்திக் காட்டினார். அதன்பிறகு அந்தத் துணியால் யாரும் பாத்திரம் பிடிக்கக் கூடாது என்று ஆகிவிட்டது. அக்கா கையைச் சுட்டுக்கொண்டாள்.

சிக்கல் செருப்புகளால் ஆரம்பித்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை நான் துணி மடித்துக்கொண்டிருந்தபோது பட்டாணி கதவைத் திறந்து வெளியே போய்விட்டாள். தரைத்தளம், முதல் தளம் இரண்டிலும் வாசல்களில் கிடந்த செருப்புகளையெல்லாம் எடுத்து நடைபாதையில் வரிசையாக வைத்திருந்தாள். பத்தொன்பது பெட்டிகள். முன்னால் எஞ்சினாக, குடியிருப்புச் சங்கச் செயலாளரின் கறுப்புத் தோல் செருப்பு. அதன் ஜோடியைக் காணவில்லை. எஞ்சின் ஒன்றுதானே இருக்க முடியும்.

செயலாளர் முதல் தளத்துக்காரர். வேட்டி கசங்காமல் நடக்கத் தெரிந்தவர். வெறுங்காலோடு இறங்கி வந்தார்.

"குழந்தைய ரயிலு ரயிலுன்னு பழக்கி வச்சிருக்கீங்க. நாளைக்கு வேலி தாண்டிப் போச்சுன்னா யாரு பதில் சொல்றது?"

"தாண்டாதுங்க. கூடவே ஒருத்தர் இருப்போம்" என்றாள் அக்கா.

"இப்ப யாரு இருந்தா?"

துணி மடித்துக்கொண்டிருந்தவள் நான்தான். அவர் கேட்டது நியாயம். அவருடைய இன்னொரு செருப்பு குளியலறை வாளியில் கிடைத்தது.

அடுத்த வாரம் படிக்கட்டருகே இருந்த பலகையில் அறிவிப்பு வந்தது. பின்பக்க வேலியை எடுத்துவிட்டுப் பத்தடிச் சுவர் கட்டப்படும். காரணங்கள்: ஒன்று, பாதுகாப்பு. இரண்டு, தூசி. மூன்று, ரயில் சத்தம். கூட்டத்தில் வீட்டுச் சொந்தக்காரர்கள் மட்டும் பேசலாம்.

செயலாளரின் மனைவிக்கு ஒற்றைத் தலைவலி உண்டு என்று எங்களுக்குத் தெரியும். மதியம் திரைச்சீலையை இழுத்துவிட்டுப் படுத்திருப்பார். அதனால் கூட்டத்தில் யாரும் சுவரைக் குறை சொல்லவில்லை. வேலியை இரண்டடி உயர்த்திக் கட்டினாலே பாதுகாப்பு போதும் என்று அத்தான் கூட்டத்தின் ஓரத்தில் நின்று சொல்லப் பார்த்தார். "நீங்க வாடகைதானே?" என்று கேட்டுவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார்கள்.

"விடு" என்றாள் அக்கா அன்று இரவுச் சாப்பாட்டில். "ஓனர் காதுக்குப் போனா காலி பண்ணச் சொல்வாரு. இந்த வாடகைக்கு வேற எங்க கிடைக்கும்? பிள்ளைங்க மறந்துடும். ரெண்டு நாள் அழும், மறந்துடும்."

பட்டாணி தட்டில் பெட்டிகளை எண்ணிக்கொண்டிருந்தாள். ஒண்ணு, ரெண்டு, ரெண்டு, ரெண்டு.

எனக்குக் கூட்டத்தில் பேச வராது. கல்லூரியில் செய்முறைத் தேர்வில் பதில் தெரிந்தும் வாய் திறக்காமல் மதிப்பெண் விட்டவள் நான். ஆனால் எழுத வரும். ஒரு தாளில் படம் வரைந்தேன். தண்டவாளம், பத்தடிச் சுவர், நான்கு தளங்கள். ரயிலிலிருந்து ஒவ்வொரு ஜன்னலுக்கும் ஒரு நேர்கோடு. முதல் தளத்துக்கும் அதற்கு மேலும் போகும் கோடுகளைச் சுவர் தொடவே இல்லை. கீழே எழுதினேன்: 'இந்தச் சுவரால் சத்தம் குறையப்போவது தரைத்தளத்துக்கு மட்டும். தரைத்தளத்தில் இருப்பது நாங்கள். எங்களுக்கு அந்தச் சத்தம் வேண்டும்.'

விடியற்காலை வேலைக்குப் போகும்போது பலகையில் ஒட்டினேன். மதியம் வந்தபோது இல்லை. மறுநாள் இன்னொன்று ஒட்டினேன். அதையும் கிழித்திருந்தார்கள். மூன்றாவதில் யாரோ ரயிலுக்கு மீசை வரைந்திருந்தார்கள். நான்காவதில் செயலாளரின் அழகான கையெழுத்தில், 'படம் நன்று. சுவர் கட்டப்படும்.'

ஐந்தாவதையும் ஒட்டினேன்.

"இது நீதானா?" என்றாள் அக்கா.

"கோடு ஸ்கேல் வச்சுப் போட்டிருக்கு. பின்ன நானா?" என்றார் அத்தான்.

சுவர் வந்தது. மேஸ்திரி ஒருவரும் கலவை சுமக்கும் பெண் ஒருவரும். மேஸ்திரி அதிகம் பேசாதவர். ஒருநாளைக்கு நாலடிக்கு மேல் ஏற்ற மாட்டார், கீழ்வரிசை இறுகட்டும் என்பார். முதல்நாள் மாலை பட்டாணி நின்ற இடத்திலிருந்து ரயில் மறைந்தது. நான் தூக்கிக் காட்டினேன். இரண்டாம் நாள் என் இடுப்பிலிருந்தும் எட்டவில்லை. அத்தான் சீக்கிரம் வந்து தோளில் ஏற்றிக்கொண்டார். பெட்டிகளின் கூரை மட்டும் தெரிந்தது. மூன்றாம் நாள் சத்தம் மட்டும்.

பட்டாணி அழவில்லை. அக்கா சொன்னது நடக்கவில்லை. பச்சைத் துணியைக் கையில் பிடித்துக்கொண்டு, செங்கல்லைப் பார்த்தபடி, சத்தம் ஓயும்வரை நின்றாள். பிறகு திரும்பி என்னிடம், "சித்தி, இத எடு" என்றாள். சுவரைத்தான் சொன்னாள்.

உயரத்தில் வேலை பார்க்கச் சாரம் கட்டியிருந்தார்கள். சாரத்தின் குறுக்குக் கட்டைகளைச் சொருகுவதற்காக மேஸ்திரி நான்கடி உயரத்தில் அங்கங்கே அரைச் செங்கல் அளவு ஓட்டை விட்டுக் கட்டியிருந்தார். வேலை முடிந்து சாரத்தைப் பிரித்தபோது ஏழு ஓட்டைகள் வரிசையாகத் தெரிந்தன. எங்கள் பின்கதவுக்கு நேரே ஒன்று.

அன்று மதியம் காப்பகத்திலிருந்து வந்ததும் பட்டாணி என் இடுப்பிலிருந்து கையை நீட்டினாள். அருகில் கொண்டுபோனேன். ஓட்டையில் முகத்தை வைத்தாள். என் இடுப்பில் அவள் உட்கார்ந்தால் அவள் கண் சரியாக அந்த உயரத்துக்கு வருகிறது.

"இருக்கு" என்றாள். தண்டவாளம் இருக்கிறதாம்.

சுவரின் மறுகோடியிலிருந்து மேஸ்திரி ஓட்டைகளை அடைத்துக்கொண்டு வந்தார். ஒரு துண்டுச் செங்கல், இரண்டு கரண்டிக் கலவை, ஒரு தேய்ப்பு. ஓட்டை இருந்த அடையாளமே தெரியவில்லை. ஆறு முடிந்தது. மணி மூன்றரை.

"கொஞ்சம் நகருங்கம்மா. இது ஒண்ணுதான் பாக்கி."

பட்டாணியை இறக்கிவிட்டேன். திரும்பி, ஓட்டையின்மேல் முதுகை வைத்து நின்றேன்.

"நகர மாட்டேன்."

அவருக்குக் கேட்கவில்லை. "என்ன?"

"நகர மாட்டேங்க."

அவர் சட்டியைப் பார்த்தார். அரைச் சட்டிக் கலவை மிச்சமிருந்தது. "செயலாளரு சொல்லணும்மா. நான் கூலிக்கு வந்தவன்."

"தெரியும். நீங்க உங்க வேலையப் பாருங்க. நான் நின்னுட்டுதான் இருக்கேன்."

கலவை சுமக்கும் பெண் சிரித்தாள். "நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டு, சாரக் கயிற்றைச் சுருட்டப் போனாள்.

செயலாளர் வந்தார். இந்தத் தடவை இரண்டு செருப்போடு.

"என்னம்மா இது, சின்னப் பிள்ளை மாதிரி?"

நான் சுவரில் இன்னும் அழுத்திச் சாய்ந்தேன்.

"தீர்மானம் போட்டுக் கட்டின சுவரு. ஓட்டையோட விட முடியுமா? பூச்சி வரும், பாம்பு வரும்."

"பாம்பு நாலடி ஏறி வந்தா நான் பாத்துக்கறேன்."

அது என் வாயிலிருந்துதான் வந்தது. அவரும் கொஞ்சம் திகைத்தார். பட்டாணி அவர் காலைக் காட்டி, "எஞ்சின்" என்றாள். பிறகு மற்றக் காலைப் பார்த்து, "ரெண்டு எஞ்சின்" என்றாள். அவளுக்கு அதில் உடன்பாடில்லை என்பது குரலில் தெரிந்தது.

"உங்க ஓனருக்கு போன் போடறேன்."

"போடுங்க."

போட்டார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை. மறுபடி போட்டார்.

கல்லூரியில் நான் படித்தது வேதியியல். சிமெண்டில் தண்ணீர் பட்ட பிறகு அது யாருக்காகவும் காத்திருக்காது. வெயிலில் வைத்த அரைச் சட்டிக் கலவை எவ்வளவு நேரம் தாங்கும் என்று எனக்குத் தெரியும். மேஸ்திரிக்கும் தெரியும். அவர் கரண்டியால் ஒருமுறை கிளறினார். ஆனால் தண்ணீர் தெளிக்கவில்லை. அதை நான் கவனித்தேன்.

நாலு மணிக்கு அக்கா வந்தாள். பின்கதவில் நின்று எல்லோரையும் பார்த்தாள்: சுவரில் ஒட்டிய நான், போனோடு செயலாளர், சட்டியோடு மேஸ்திரி. திரும்பி உள்ளே போய்விட்டாள். கோபம் என்று நினைத்தேன். அவள் முகம் அப்படித்தான் இருந்தது. உள்ளே ஏதோ இழுபடும் சத்தம் கேட்டது. சாப்பாட்டு மேசை நாற்காலியைத் தூக்கி வந்து என் பக்கத்தில் சுவரோடு ஒட்டி வைத்தாள்.

"எவ்வளவு நேரம் நிப்ப? உக்காரு."

அதை ஓட்டைக்கு நேரே இழுத்து உட்கார்ந்தேன். ஓட்டை சரியாக என் பின்தலையில் இருந்தது. கழுத்தில் காற்று பட்டது.

"நீங்களுமா?" என்றார் செயலாளர் அக்காவிடம்.

"அவ மூணு மணி நேரம் நின்னு வேலை பாத்துட்டு வந்தவங்க. கால் வலிக்கும்னு நாற்காலி குடுத்தேன். அதுக்குத் தீர்மானம் வேணுமா?"

ஏழு மணி நேரம் என்று திருத்த நினைத்தேன். விட்டுவிட்டேன்.

அப்போது பட்டாணி குனிந்து தன் காலைப் பார்த்தாள். பிறகு ஓடிவந்து என் முழங்காலைப் பிடித்து இழுத்தாள்.

"சித்தி, நகரு."

தரை அதிர ஆரம்பித்திருந்தது. நாலு பத்து.

அரை மணிக்கும் மேலாக யார் சொல்லியும் நகராதவள் நான். இவளுக்கு என்ன சொல்வது? எழுந்தால் ஓட்டை திறந்துவிடும். எழாவிட்டால் இவ்வளவும் எதற்கு? மேஸ்திரியைப் பார்த்தேன். அவர் கரண்டியைக் கையில் வைத்திருந்தார்.

எழுந்தேன். பட்டாணியை நாற்காலிமேல் நிறுத்தினேன். உயரம் கொஞ்சம் கூடுதல். அவளே முட்டியை மடக்கிச் சரிசெய்துகொண்டு, இரண்டு கைகளையும் சுவரில் ஊன்றி, ஓட்டையில் முகத்தைப் பதித்தாள். இப்போது ஓட்டையை அடைத்திருந்தது அவள் முகம்.

"கூ" என்றாள்.

சரக்கு வண்டி வந்தது. அன்று நீளமான வண்டி. நிலக்கரிப் பெட்டிகள் போலிருக்கிறது, ஒவ்வொன்றும் கனமாக, அவசரமில்லாமல் போயின. அந்தச் சத்தத்தில் செயலாளர் ஏதோ சொன்னார். மேஸ்திரி கையைக் காதருகே வைத்துக் கேட்கவில்லை என்று காட்டினார். பட்டாணியின் தலை ஒவ்வொரு பெட்டிக்கும் லேசாக ஆடியது. அக்கா அவள் இடுப்பைப் பிடித்திருந்தாள். நான் அக்காவின் தோளைப் பிடித்திருந்தேன். குளியலறைக்குப் போகும் வரிசைபோல இருந்தோம்.

அவள் தலை ஆடுவதை வைத்து நாற்பது பெட்டிகள்வரை நான் எண்ணினேன்.

வண்டி போய்ச் சத்தம் அடங்கியதும் மேஸ்திரி கரண்டியைச் சட்டியில் விட்டார். கலவை கரண்டியோடு ஒரே கட்டியாக எழும்பியது. அதைச் செயலாளரிடம் காட்டினார்.

"இறுகிப்போச்சுங்க."

"புதுசா கலக்கு."

"சிமெண்டு தீந்துபோச்சு."

"அப்ப நாளைக்கு வா."

"நாளைக்கு வேற இடத்துல வேலைங்க. ஒரு ஓட்டைக்கு வர முடியாது."

கட்டியைச் சுவரோரம் தட்டிவிட்டுச் சட்டியைக் கழுவினார். போகும்போது என்னைப் பார்க்கவில்லை. நானும் நன்றி சொல்லவில்லை. சொன்னால் அவருக்கு வம்பு.

மறுநாள் காலை ஓட்டையில் செய்தித்தாளைச் சுருட்டி அடைத்திருந்தார்கள். உருவி எடுத்தேன். அதற்கடுத்த நாள் பழைய கோணிச் சாக்கு. அதையும் எடுத்து, துவைத்து, வாசலில் மிதியடியாகப் போட்டேன். மூன்றாம் நாள் ஒன்றுமில்லை. என்ன வந்தாலும் எடுப்பேன் என்று தெரிந்துவிட்டது போலிருக்கிறது.

அந்த வாரக் கடைசியில் வீட்டு ஓனர் அக்காவைக் கூப்பிட்டார். அக்கா போனை ஒலிபெருக்கியில் வைத்தாள்.

"சுவர்ல ஏதோ பிரச்சினைன்னு செயலாளர் சொன்னாரே?"

"ஒரு ஓட்டைங்க."

"தண்ணி கசியுதா?"

"இல்லைங்க."

"அப்ப எதுக்கு என்னக் கூப்பிடறாரு?" என்று வைத்துவிட்டார்.

செயலாளர் இப்போதும் என்னைப் படிக்கட்டில் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். நான் திருப்பிக்கொள்வதில்லை. மாதக் கூட்டத்தில் அந்த ஓட்டை ஒவ்வொரு தடவையும் வருகிறது என்று கேள்வி. வரட்டும். யாராவது சட்டியோடு வந்தால் நாற்காலி பின்கதவருகேதான் இருக்கிறது.

ஒரு சிக்கல் மட்டும் தீரவில்லை. ஓட்டை அரைச் செங்கல் அளவு. அதில் கண்ணை வைத்தால் கையை வைக்க முடியாது. கையை நீட்டினால் ஒன்றும் தெரியாது. முதல் சில நாள் பட்டாணி இரண்டையும் ஒரே நேரத்தில் நுழைக்கப் பார்த்துக் கன்னத்தைச் சிராய்த்துக்கொண்டாள்.

இப்போது அவளே ஒரு வழி வைத்திருக்கிறாள். எஞ்சினிலிருந்து பெட்டிகளை எல்லாம் கண்ணால் பார்க்கிறாள். கடைசிப் பெட்டி வரும்போது அதன் சத்தம் வேறாக இருக்கும்போலிருக்கிறது. எனக்குத் தெரியவில்லை, அவளுக்குத் தெரிகிறது. சட்டென்று முகத்தை எடுத்துவிட்டுப் பச்சைத் துணியோடு கையைத் தோள்வரை ஓட்டைக்குள் விடுகிறாள். அந்தப் பக்கம் நீளமான வெற்றுச் சுவரில் ஒரு சின்னக் கை மட்டும் ஆடிக்கொண்டிருக்கும். கார்டு பார்க்கிறாரா, கொடி காட்டுகிறாரா என்று அவளுக்குத் தெரிய வழியில்லை.

"பாத்தாரா?" என்று ஒருநாள் அத்தான் கேட்டார்.

பட்டாணி துணியை உள்ளே இழுத்து, மடித்து, என்னிடம் கொடுத்தாள்.

"நான் காட்டினேன்" என்றாள்.